பட்ட மரத்தைப் பூக்க வைத்தவர்
‘கேம் பாய்’ கண்ட குன்பெய் யோகோயின் வாழ்க்கை

1966-ம் ஆண்டு. ஜப்பானின் பழைய தலைநகரமான கியோட்டோவில் ஒரு சீட்டுக்கட்டுத் தொழிற்சாலை. அங்கே யந்திரங்களைக் கவனித்துக் கொள்ளும் வேலையில் ஓர் இளைஞர் இருந்தார். யந்திரங்கள் பழுதானால்தானே அவருக்கு வேலை? அவையோ நன்றாகவே ஓடின. பொழுது போகவில்லை. கையில் கிடைத்த சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்து, கத்தரிக்கோல் போல் அமுக்கினால் நீண்டு போய் எதிரில் இருக்கும் பொருளைக் கவ்வும் ஒரு பொம்மைக் கையைச் செய்து விளையாடிக் கொண்டிருந்தார்.

அந்த வேளை பார்த்து முதலாளி அங்கே வந்துவிட்டார்!

முதலாளி ஹிரோஷி யமவுச்சி கண்டிப்புக்குப் பெயர் போனவர். பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சிறிது நேரத்தில் அவருடைய அறையிலிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் தண்டனை நிச்சயம் என்று எண்ணியபடியே இளைஞர் உள்ளே போனார். ஆனால் கிடைத்தது தண்டனை அல்ல, ஓர் உத்தரவு. அந்தப் பொம்மைக் கையைக் கடைகளில் விற்கத் தக்க சாமானாகச் செய்து தர வேண்டும் என்பதே அந்த உத்தரவு.

‘அல்ட்ரா ஹாண்ட்’ என்ற பெயரில் அந்தப் பொம்மை அவ்வாண்டே கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரம் துடைக்க வந்தவர் பொம்மைகளின் சிருஷ்டிகர்த்தா ஆனார். அவர்தான் குன்பெய் யோகோய். அந்தக் கம்பெனி நிண்டெண்டோ.

இன்று உலகமெங்கும் வீடியோ கேம் ஆடும் கைகளில் இவருடைய மூளை இருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்களில் பலர் இவர் பெயரைக் கேட்டதில்லை. விந்தை அல்லவா?

பூச்சீட்டுக் கம்பெனி

குன்பெய் யோகோய் 1941-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி கியோட்டோவில் பிறந்தார். அதே நகரிலுள்ள தோஷிஷா பல்கலைக் கழகத்தில் மின்சார என்ஜினீயரிங் படித்துப் பட்டம் பெற்றார். 1965-ல் படிப்பு முடிந்ததும் உள்ளூரிலேயே கிடைத்த உத்தியோகத்தில் சேர்ந்தார். அதுதான் நிண்டெண்டோ உத்தியோகம்.

அப்பொழுது நிண்டெண்டோ என்றால் வீடியோ கேம் யாருக்கும் நினைவுக்கு வராது. அப்படி ஒரு பண்டமே அன்று கடைகளில் கிடையாது. 1889-ல் ‘ஹனாஃபூடா’ என்னும் பூப்படச் சீட்டுகளைச் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட கம்பெனி அது. தொடங்கியவரின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி 1949-ல், 22-வது வயதில், அதன் தலைவரானார். சீட்டு வியாபாரம் எத்தனை நாளைக்கு? மாற்றுத் தொழில் ஏதாவது வேண்டுமென்று டாக்சி ஓட்டிப் பார்த்தார். உடனடியாகச் சமைக்கும் அரிசி உணவு விற்றுப் பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. அவர் தேடிய வழியைத் தொழிற்சாலையின் மூலையில் விளையாடிக் கொண்டிருந்த ஓர் ஊழியர் காட்டினார்.

காதலை அளக்கும் கருவி

யோகோய் அடுத்தடுத்துப் பொம்மைகள் செய்தார். அவருடைய முறையே தனி. புதிய விஞ்ஞான நுட்பம் எதையும் அவர் தேடிப் போனதில்லை. எல்லோரும் அறிந்த, விலை மலிந்த, பழசாகிப் போன நுட்பத்தை எடுப்பார். அதை யாரும் எண்ணாத இடத்தில் பயன்படுத்துவார்.

1969-ல் வெளிவந்த ‘லவ் டெஸ்டர்’ கருவியைப் பாருங்கள். மின்சார ஓட்டத்தை அளக்கும் சாதாரண முள்மானி அது. மனித உடலில் மின்சாரம் பாயும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆணும் பெண்ணும் ஒரு கையில் கருவியின் உலோகக் குமிழைப் பிடித்துக் கொண்டு, மறு கையால் ஒருவரை ஒருவர் பற்ற வேண்டும். உடனே முள் நகர்ந்து காதலின் அளவைக் காட்டும்! அது காதலை அளக்காது என்பது வாங்கியவர்களுக்கும் தெரியாததல்ல. பெண்ணின் கையைப் பிடிக்க அதை விட மரியாதையான சாக்கு வேறு ஏது?

1970-ல் ஒளித் துப்பாக்கி வந்தது. ஷார்ப் கம்பெனியிலிருந்து ‘சோலார் செல்’ விற்க வந்தார் மசயுகி உயெமுரா என்ற என்ஜினீயர். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கான சாதனம் அது. யோகோய் அதை வேறு கண்ணோடு பார்த்தார். ஒளி பட்டதும் மின்சாரம் தருகிறது என்றால், ஒளி பட்டதைக் கண்டுபிடிக்கவும் அது உதவும் அல்லவா? துப்பாக்கியில் ஒரு விளக்கு. இலக்கில் ஒரு சோலார் செல். குறி தப்பாமல் சுட்டால் பொம்மை புட்டி சிதறி விழும். குண்டு இல்லை, ஆபத்து இல்லை. விற்க வந்த உயெமுரா பின்னர் நிண்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார்.

1972-ல் ரேடியோவால் ஓடும் பொம்மைக் கார் செய்தார். அந்நாளில் அத்தகைய கார்கள் விலை கூடியவை. விலையைக் குறைக்க என்ன வழி? இடது பக்கம் மட்டும் திரும்பும் காராகச் செய்துவிட்டார்! வட்டப் பாதையில் பந்தயம் விட அது போதாதா? இல்லாததைக் குறையாக எண்ணாமல், இருப்பதைக் கொண்டு விளையாட்டை அமைப்பதுதான் அவர் கைவந்த வித்தை.

எல்லாம் வெற்றி என்று சொல்வதற்கில்லை. பந்து உருட்டும் ‘பௌலிங்’ மோகம் ஜப்பானில் தணிந்து, அதற்கான பெரிய கூடங்கள் காலியாகக் கிடந்த சமயம் அது. 1973-ல் அவற்றை ஒளித் துப்பாக்கி சுடும் களங்களாக மாற்றினார்கள். கூட்டம் வந்தது. கூடவே எண்ணெய் நெருக்கடியும் வந்தது. பொழுதுபோக்குக்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை. வந்த ஆர்டர்கள் ரத்தாயின. கம்பெனி கடனில் மூழ்கியது.

ரயிலில் பிறந்த எண்ணம்

யோகோய் அதிவேக ‘ஷிங்கன்ஸென்’ ரயிலில் பிரயாணம் செய்து கொண்டிருந்தார். எதிரில் ஒரு காரியாலய ஊழியர். அலுப்பு மேலிட்டுக் கையிலிருந்த கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே அமுக்கி விளையாடிக் கொண்டிருந்தார். நூறு பேர் பார்த்திருந்தாலும் நூறு பேரும் மறந்திருப்பார்கள். யோகோய் மறக்கவில்லை. பெரியவர்களுக்கும் பொழுது போவதில்லை. ஆனால் நாலு பேர் நடுவில் விளையாட அவர்களுக்கு வெட்கம். மடியில் வைத்துக் கொண்டு, இரண்டு கட்டை விரல்களால், அடுத்தவர் கவனிக்காதபடி ஆடக்கூடிய சிறு கருவி இருந்தால்?

அதைச் சொல்லச் சந்தர்ப்பமும் விநோதமாகவே வாய்த்தது. முதலாளியின் கார் டிரைவருக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை. யமவுச்சியின் கார் அமெரிக்க காடிலாக். ஜப்பானில் கார்களுக்கு ஸ்டீரிங் வலப்புறம் இருக்கும், இதற்கோ இடப்புறம். அதை ஓட்டப் பழகியவர் யோகோய். கார்ப் பிரியரான அவரே அன்று டிரைவரானார். சும்மா போவானேன் என்று, ரயிலில் தோன்றிய எண்ணத்தை வழியில் எடுத்துச் சொன்னார். முதலாளி கேட்டுக் கொண்டார். பெரிதாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் யமவுச்சியின் அருகில் அமர்ந்தவர் ஷார்ப் கம்பெனியின் தலைவர்! இருவரும் பேசினார்கள். சில நாட்களில் ஷார்ப் கம்பெனி அதிகாரிகள் நிண்டெண்டோவின் வாசலில் வந்து நின்றார்கள்.

ஷார்ப் கம்பெனிக்கு ஏன் அத்தனை ஆர்வம்? கால்குலேட்டர் சந்தையில் காஸியோவுக்கும் ஷார்ப்புக்கும் கடும் போட்டி நடந்து விலை அதல பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. கால்குலேட்டருக்காகச் செய்த எல்.சி.டி. திரைகளுக்குப் புதிய இடம் தேவைப்பட்டது. பழசாகிப் போன சரக்கு, யோகோய் கையில் வந்து சேர்ந்தது.

1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. ஒரு கருவிக்கு ஒரே விளையாட்டு. ஆடாத நேரத்தில் கடிகாரம். கால்குலேட்டரில் எண்கள் தோன்றுவது போலவே, திரையில் முன்பே அமைத்த உருவங்கள் மாறி மாறித் தோன்றும். மனிதன் ஓடுவது போலவும் பந்து எறிவது போலவும் கண்ணுக்குப் படும். பல விளையாட்டுகளாக வெளிவந்த இந்தக் கருவிகள் மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றன. கடனில் கிடந்த கம்பெனி தலை நிமிர்ந்தது.

கட்டை விரலுக்கு ஒரு கூட்டல் குறி

1982-ல் இரண்டு திரைகள் கொண்ட, புத்தகம் போல் மடிக்கும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. ஆட வேண்டிய விளையாட்டு ‘டாங்கி காங்’. குரங்கின் பிடியிலிருந்து ஒரு பெண்ணை மீட்க, நாயகன் இடம் வலம் நகர வேண்டும். ஏணியில் ஏறவும் இறங்கவும் வேண்டும். கடைகளில் இருக்கும் பெரிய யந்திரங்களில் இதற்கு ஒரு நெம்பு குச்சி இருக்கும். சட்டைப் பையில் போகிற, மடிக்கிற கருவியில் குச்சியை எங்கே வைப்பது?

யோகோய் குச்சியை எடுத்துவிட்டார். கூட்டல் குறி வடிவில் ஒரு தட்டைப் பொத்தானை வைத்தார். எந்தப் பக்கம் கட்டை விரல் சாய்கிறதோ அந்தப் பக்கம் நாயகன் போவான். விரலை எடுக்க வேண்டாம். குனிந்து பார்க்கவும் வேண்டாம். விரலே வழியைத் தெரிந்து கொள்ளும்.

எளிமையான காரியம்தான். ஆனால் 1983-ல் உயெமுரா அமைத்த ‘ஃபேமிகாம்’ என்ற வீட்டு வீடியோ கேம் பெட்டியின் கைப்பிடியில் அது ஏறியதும் உலகமே அதைப் பின்பற்றியது. அந்தப் பெட்டியின் நகல்கள் 1990-களில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களிலும் விற்றன. டெலிவிஷன் முன் உட்கார்ந்து மரியோவை ஓட விட்ட பிள்ளைகளின் இடது கட்டை விரல் பதிந்தது இந்தக் கூட்டல் குறியில்தான். இந்தப் பொத்தானுக்காக 2008-ல் நிண்டெண்டோவுக்கு அமெரிக்க டெலிவிஷன் கழகத்தின் தொழில் நுட்ப எம்மி விருது கிடைத்தது.

சீடரை வளர்த்தவர்

‘டாங்கி காங்’கைப் படைத்தவர் ஷிகேரு மியாமோட்டோ. பின்னால் உலகப் புகழ் பெற்ற இவர் 1981-ல் வீடியோ கேம் எதையும் தாமே முழுதாக அமைத்ததில்லை. படம் வரையும் இளைஞர். அமெரிக்காவுக்கு அனுப்பிய ‘ரேடார் ஸ்கோப்’ யந்திரங்கள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. அவற்றின் உள்ளே வேறு விளையாட்டை ஏற்றி விற்பது என்று முடிவாயிற்று. வேலை மியாமோட்டோவுக்கு, மேற்பார்வை யோகோய்க்கு.

அடுத்து 1983-ல் ‘மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். முந்தைய விளையாட்டில் நாயகன் உயரத்திலிருந்து விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் மரியோவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று யோகோய் யோசனை சொன்னார். அப்படியானால் அது விளையாட்டாகவே இருக்காதே என்று மியாமோட்டோ தயங்கினார். பிறகு ஒப்புக் கொண்டார். மரியோ அன்று குதிக்கத் தொடங்கியவர்தான்; இன்னும் நிற்கவில்லை. 1986-ல் வந்த ‘மெட்ராய்ட்’ விளையாட்டும் யோகோயின் குழுவிலிருந்து பிறந்ததே.

வண்ணமா, பாட்டரியா?

யோகோயின் பெயரை நிலைநிறுத்திய பெட்டிக்கு வருவோம். வீட்டில் டெலிவிஷன் முன் ஆடும் விளையாட்டைச் சட்டைப் பையில் எடுத்துப் போக வேண்டும். கேம் அண்ட் வாட்ச் போல் ஒரே விளையாட்டு அல்ல. சிறு பேழைகளை மாற்றி மாற்றிச் செருகி எத்தனை விளையாட்டும் ஆடலாம். இந்த வேலையில் அவருக்கு வலது கையாக இருந்தவர் சதோரு ஒகாடா. மலிவு வேண்டும் என்பது யோகோயின் கவலை. பல ஆண்டு தாங்கும் உள்ளுறுப்பு வேண்டும் என்பது ஒகாடாவின் பிடிவாதம். இரண்டும் சேர்ந்து உருவானதே ‘கேம் பாய்’.

வழியில் ஒரு கண்டமும் வந்தது. தயாரான மாதிரியை யமவுச்சியிடம் காட்டினார்கள். அவர் சற்றுச் சாய்வாகப் பார்த்தார். திரையில் ஒன்றும் தெரியவில்லை! நேராகப் பார்த்தால்தான் தெரிந்தது. இதை விற்க முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டார். திரைகளுக்காக ஷார்ப் கம்பெனி ஆலையே எழுப்பிக் கொண்டிருந்த நேரம். யோகோய் மனம் ஒடிந்து போனார். கடைசியில் எந்தக் கோணத்திலும் தெளிவாகத் தெரியும் வேறு வகைத் திரை கிடைத்தது. அவருக்கு மூச்சு வந்தது.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி கேம் பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். பச்சை படர்ந்த திரை, நான்கே சாயல்கள். உள்ளே விளக்குக் கூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்துத்தான் ஆட வேண்டும். அதே ஆண்டு அட்டாரி கம்பெனி ‘லிங்ஸ்’ என்ற கருவியைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு ஸெகா கம்பெனி ‘கேம் கியர்’ கருவியை இறக்கியது. இரண்டும் வண்ணத் திரைகள்! பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளை போல் இருந்தது.

யோகோய் கலங்கினாரா? இல்லை. போட்டிக் கருவியின் திரை வண்ணம் என்று தெரிந்ததும் அவர் நிம்மதி அடைந்தார். ஏன்? வண்ணத் திரைக்குப் பின்னால் விளக்கு வேண்டும். விளக்கு மின்சாரத்தைக் குடிக்கும். லிங்ஸ், கேம் கியர் ஒவ்வொன்றுக்கும் ஆறு பாட்டரிகள் போட வேண்டும்; சில மணி நேரத்தில் அவை தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு பாட்டரி. பத்து மணிக்கு மேல் ஓடும். விலையிலோ அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர். லிங்ஸ் ஏறக்குறைய இரு மடங்கு. நீண்ட ரயில் பிரயாணத்தில் பாதி வழியில் அணைந்து போகும் வண்ணத்தை விட, ஊர் போய்ச் சேரும் வரை கூட வரும் கறுப்பு வெள்ளை மேல் அல்லவா?

வண்ணத்தைப் பற்றி அவருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டு அதைப் பனிப் பொம்மை என்று சொன்னால் பார்க்கிறவர் மனம் தானே வெள்ளை நிறத்தைப் பூசிக் கொள்ளும் என்பார். ஆட்டம் சுவையாக இருந்தால் நிறம் கண்ணுக்குத் தேவையில்லை; மனமே கொடுத்துவிடும்.

விண்வெளிக்குப் போன ரசிகர்

ஜப்பானில் முதலில் வந்த 3 லட்சம் பெட்டிகளும் இரண்டு வாரத்தில் தீர்ந்தன. அமெரிக்காவில் ‘டெட்ரிஸ்’ விளையாட்டையும் உடன் சேர்த்துக் கொடுத்தார்கள். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் அமைத்த, கட்டைகளை அடுக்கும் ஆட்டம் அது. அதை ஆட வண்ணமும் வேண்டாம், வயதும் தடையல்ல. பிள்ளைகளுக்காக வாங்கிய பெட்டி பெற்றோர் கையில் சிக்கிக் கொண்டது. ரயிலில் மறைவாக ஆடும் பெரியவரை மனத்தில் வைத்துத் தொடங்கியவருக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்?

1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்ஸாண்டர் ஸெரிப்ரோவ் ‘மீர்’ விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டபோது டெட்ரிஸ் பேழையுடன் ஒரு கேம் பாயை எடுத்துச் சென்றார். வளைகுடாப் போரில் குண்டு வெடிப்பில் வெந்து உருகிய ஒரு கேம் பாய் மறுபடியும் ஓடியது. நியூயார்க்கில் உள்ள நிண்டெண்டோ கடையில் அது பல்லாண்டு காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

இரண்டு பெட்டிகளை ஒரு கம்பியால் இணைத்து இருவர் சேர்ந்து ஆடும் வசதியும் கேம் பாயில் இருந்தது. சதோஷி தஜிரி என்பவர் அந்தக் கம்பியைக் கண்டார். அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து இங்கிருந்து அங்கே போவது போல் கற்பனை செய்தார். அந்தக் கற்பனையே 1996-ல் ‘போகிமான்’ ஆக வந்து உலகத்துப் பிள்ளைகளை ஆட்டி வைத்தது. வயதாகிவிட்டதென்று எண்ணிய கேம் பாய் மீண்டும் இளமை பெற்றது. பின்னால் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து மொத்த விற்பனை 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல். வண்ணத்துடன் வந்த கேம் கியர் விற்றது சுமார் 1 கோடி.

சிவப்பு நிறச் சோதனை

வெற்றியின் உச்சியில் நின்றவருக்குச் சோதனை காத்திருந்தது. வீடியோ கேம் கம்பெனிகள் படத்தின் அழகில் போட்டி போட்டன. மேலும் மேலும் வேகமான யந்திரம், மேலும் மேலும் நுட்பமான படம். இந்த ஓட்டம் யோகோய்க்குப் பிடிக்கவில்லை. வேறு வகையில் ஆச்சரியப்படுத்த முடியாதா என்று தேடினார். அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கம்பெனி ஒன்று கண்ணருகே வைத்துப் பார்க்கும் ஒரு திரையைக் கொண்டு வந்தது. ஒரு வரிசை சிவப்பு விளக்குகள். எதிரே வேகமாக ஆடும் ஒரு கண்ணாடி. முழுப் படமும் இருளில் மிதப்பது போல் தோன்றும், ஆழமும் தெரியும். மற்ற நிற விளக்குகள் விலை அதிகம்; ஆகவே சிவப்பு மட்டும்.

1995-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி ‘வர்ச்சுவல் பாய்’ வெளிவந்தது. தலையில் மாட்டவும் முடியாது. கையில் பிடிக்கவும் முடியாது. மேஜை மீது கால் ஊன்றி நிற்கும். ஆடுகிறவர் குனிந்து முகத்தைப் புதைக்க வேண்டும். கழுத்து வலித்தது, கண் வலித்தது, தலை வலித்தது. சிறு குழந்தைகள் ஆடக் கூடாது என்ற எச்சரிக்கை பெட்டியோடேயே வந்தது. ஒருவர் ஆடும்போது மற்றவர் வேடிக்கை பார்க்கவும் வழியில்லை. கடையில் நின்று பார்க்கிறவருக்கு அதன் மாயம் எப்படித் தெரியும்?

22 விளையாட்டுகளோடு கதை முடிந்தது. விற்றது சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம். ஓராண்டுக்குள் கம்பெனி அதைக் கைவிட்டது. 30 ஆண்டு உழைத்து நிண்டெண்டோவை நிமிர்த்தியவரின் பெயர் தோல்வியோடு சேர்த்துப் பேசப்பட்டது. பாமரருக்கும் எட்டும் மலிவு, பையில் போகும் எளிமை ஆகிய தம்முடைய பழைய இலக்கணத்திலிருந்து அவர் ஒருமுறை விலகினார். அந்த ஒருமுறையே காலை வாரிவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு.

ஆயினும் அவர் ஓடிப் போகவில்லை. பதவியில் இருந்தபடியே, கேம் பாயை மெலிந்ததாக, திரை தெளிவானதாகத் திருத்தி அமைத்தார். ‘கேம் பாய் பாக்கெட்’ 1996 ஜூலையில் வெளிவந்து நன்றாக விற்றது. கடைசிக் கடமையை முடித்த பிறகே, ஆகஸ்டு 15-ந் தேதி, நிண்டெண்டோவை விட்டு வெளியேறினார். வர்ச்சுவல் பாயின் தோல்விதான் அவரை விரட்டியது என்று ஊர் பேசியது. அவர் அதை மறுத்தார். தனியே தொழில் செய்ய வேண்டுமென்பது தமது நெடுநாள் எண்ணம் என்றே விளக்கினார்.

நெடுஞ்சாலையில் முடிந்த ஆட்டம்

கியோட்டோவிலேயே ‘கோட்டோ’ என்ற சிறு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1997-ல் அவருடைய வாழ்வனுபவங்கள் நூலாக வந்தன. பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கைப்பெட்டி ஒன்றை வடிவமைக்கலானார். பாட்டரி எத்தனை? ஒன்றே ஒன்று! பழைய யோகோய் திரும்பி வந்துவிட்டார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் விதி அவகாசம் தரவில்லை. 1997-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, இஷிகாவா மாகாணத்தில் ஹொகுரிகு நெடுஞ்சாலை வழியே நண்பர் ஒருவர் ஓட்டிய காரில் சென்று கொண்டிருந்தார். கார் முன்னால் போன லாரி மீது மோதியது. சேதத்தைப் பார்க்க இருவரும் கீழே இறங்கினார்கள். அப்பொழுது பின்னால் வந்த மற்றொரு கார் யோகோய் மீது மோதியது. காரைக் காதலித்த மனிதர் காராலேயே மாண்டார். வயது 56.

அவர் விட்டுச் சென்ற பெட்டி 1999 மார்ச்சில் ‘வொண்டர்ஸ்வான்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. விலை 4,800 யென். ஒற்றைப் பாட்டரியில் முப்பது மணிக்கும் மேல் ஓடியது. அதற்காக அவர் சிந்தித்து வைத்த, கோடுகளை இணைக்கும் ஆட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தார்கள். ‘குன்பெய்’ என்றே வைத்தார்கள்.

வாடியதில் உள்ள சாரம்

யோகோய் தம்முடைய வழிக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தார். வாடிப் போன நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். வாடியது என்றால் உதவாதது அல்ல. எல்லோருக்கும் பழகியது, குற்றம் குறை தெரிந்தது, விலை இறங்கியது. புதியது விலை உயர்ந்தது. எப்பொழுது காலை வாரும் என்று சொல்ல முடியாது. விளையாட்டுக்குத் தேவை புது யந்திரம் அல்ல. புது யோசனைதான் என்பதே அவர் கொள்கை. கால்குலேட்டர் திரை கைவிளையாட்டு ஆயிற்று. சோலார் செல் துப்பாக்கிக்கு இலக்கு ஆயிற்று. பட்ட மரம் என்று பிறர் ஒதுக்கியதை அவர் பூக்க வைத்தார்.

வீடியோ கேம் உலகம் இன்று வேறு எங்கோ போய்விட்டது. கணப்பொழுதில் கோடிக்கணக்கான புள்ளிகளைத் தீட்டும் யந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் பழைய கேம் பாயைத் தேடி வாங்கி, உடைந்ததைச் செப்பனிட்டு, புதிய திரை பொருத்தி ஆடும் ரசிகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதன் சில்லறைச் சத்தங்களைக் கொண்டே சங்கீதம் அமைத்து மேடையில் வாசிப்பவர்களும் உண்டு. தோற்றுப் போன வர்ச்சுவல் பாயைக் கூட அவர்கள் மறக்கவில்லை. அதன் விளையாட்டுகளைத் தன் புதிய யந்திரத்தில் மறுபடியும் வெளியிடப் போவதாக நிண்டெண்டோவே 2025 செப்டம்பரில் அறிவித்தது.

பெயர் தெரியாவிட்டால் என்ன? விளையாடும் பெட்டியை ஒரு குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இடது கட்டை விரல் போய் ஓரிடத்தில் அமரும். அந்த இடத்தைப் போட்டு வைத்தவர், சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில் வேலை இல்லாமல் விளையாடிக் கொண்டிருந்த அந்த இளைஞர்தான்.